அரசின் வழக்கும் நமது வழக்கும்

(திண்டிவனத்தில் நடைபெற்ற கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எங்களுக்கு அளித்துள்ள தலைப்பு 'நீதிமன்றத்தில் அரசு' என்பதாகும். கல்விக் கழகத்தின் மேடையில் வழக்கைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். குற்றவியல் வழக்கு என்றால் நம் மக்கள் அறிவார்கள். காவல் நிலையம், ஜாமீன், வாய்தா, சாட்சி என்று அதன் துன்பத்தைப் பட்டு அறிந்தவர்கள் ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறார்கள். உரிமையியல் வழக்கோ அத்தகையது அன்று. அது சத்தமின்றி நடப்பது. ஒருவர் கைது செய்யப்பட்டால் தெருவே கூடிவிடுகிறது. ஒருவருடைய நிலத்தின்மேல் தீர்ப்பாணை பிறந்தால், அவருக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. அதிலும் அரசு ஒரு தரப்பாக இருக்கும் வழக்கென்றால், 'சர்க்கார் பார்த்துக்கொள்ளும்' என்று நாம் வாளாவிருந்துவிடுகிறோம். சர்க்கார் எவ்வாறு பார்த்துக்கொள்கிறது என்பதை ஆராய்வதே எங்கள் நோக்கம்.

முதலில் உங்களை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் செல்கிறோம். பிறகு திண்டிவனம் முன்சீப் கோர்ட்டுக்குத் திரும்பி வருவோம்.

1976ஆம் ஆண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பத்தூர் என்னும் சிற்றூர். அங்கே இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலின் அருகே குடிசை போட்டு வாழ்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டியபோது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. வெளிவந்தது சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி. அது பல கைகள் மாறிக் கடல் கடந்தது. 1982ஆம் ஆண்டு, கனடா நாட்டின் ஆல்பெர்ட்டா மாநிலத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம், வணிகர் ஒருவரிடம் 2,50,000 பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. செப்பனிடும் பணிக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் அது இருந்தபோது இலண்டன் மாநகரப் போலீசார் கைப்பற்றினார்கள். 'எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு' என்று அந்நிறுவனம் போலீஸ் ஆணையர் மீது வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கில்தான் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் உரிமை கோரி உள்ளே நுழைந்தன. அவர்களோடு கோயிலின் சார்பில் ஓர் அதிகாரியும், கோயிலும், அக்கோயிலில் கிடைத்த சிவலிங்கமும் உரிமை கோருவோராக நிறுத்தப்பெற்றனர். ஆம், நீங்கள் கேட்டது சரிதான்; ஒரு கல் லிங்கம் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு தரப்பு!

இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தன் நாட்டில் ஆணையிட்டுப் பழகிய அரசு, அயல்நாட்டு நீதிமன்றத்தில் ஆணையிட முடியாது. அங்கே அது மனுதாரர்களில் ஒருவர், அவ்வளவே. உள்ளூர் வழக்கறிஞர்களை அமர்த்த வேண்டும். ஆவணங்களைக் காட்ட வேண்டும். சாட்சிகளை விமானத்தில் அனுப்ப வேண்டும். குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். இதைவிட விந்தை ஒன்றும் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தை நம் நீதிபதி அறிந்திருப்பதாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்து நீதிபதிக்கோ நம் சட்டம் ஒரு செய்தி மட்டுமே. 'இந்துக் கோயிலுக்குச் சட்டத்தில் ஆளுமை உண்டு' என்பதைக்கூட, 'இந்தத் திருமேனி பத்தூரில் கிடைத்தது' என்பதைப் போலவே, வல்லுநர் சாட்சியம் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும்.

அந்த வேலையை நம் அரசு அன்று செம்மையாகச் செய்தது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வோம். பத்தூர்க் கோயில் வளாகத்தில் அகழ்ந்தெடுத்த மற்றச் செப்புத் திருமேனிகளோடு இலண்டன் நடராசரை ஒப்பிட்டுக் காட்டினார்கள். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் அரித்த தடத்தையும் கொண்டுகூட வாதிட்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் இரா. நாகசாமி அவர்கள் இலண்டன் சென்று சாட்சியம் அளித்தார். 1988 பிப்ரவரியில் நீதிபதி இயன் கென்னடி, கோயிலின் உரிமையே மேம்பட்டது என்று தீர்ப்பளித்தார். நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 1991 பிப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. இங்கிலாந்துச் சட்டம் கோயிலை ஒரு நபராக ஏற்பதில்லை என்றாலும், தமிழ்நாட்டுச் சட்டப்படி நபராக உள்ள கோயிலை அயல்நாட்டின்பால் காட்டும் மதிப்பின்பேரில் ஏற்கலாம் என்றார்கள். அவ்வாண்டே நடராசர் தாயகம் திரும்பினார்.

அந்தக் கோயிலுக்குள் ஒரு காலத்தில் யார் நுழைய முடிந்தது, யார் நுழைய முடியவில்லை என்பது வேறு பேச்சு. அதை இன்று எடுக்கவில்லை. எங்கள் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. பூசை நின்று, சுவர் சரிந்து, கற்குவியலாகிப் போன கோயிலும் சட்டத்தின் கண்ணில் நபராகவே இருந்தது. அதை நிறுவியவரின் எண்ணம் இன்னும் அழியவில்லை என்று அயல்நாட்டு நீதிபதி ஏற்றுக்கொண்டார். அதற்காக இரண்டு அரசுகள் பல ஆண்டுகள் வழக்காடின. 1892இல் நம் பாட்டன்மாருக்கு நிலம் வழங்கிய அரசாணைக்கும் ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் அழியவில்லை என்று முன்சீப் கோர்ட்டில் எழுந்து சொல்ல அரசுக்கு எத்தனை முறை வாய் வந்தது?

வாய் என்றோம். உண்மையில் நீதிமன்றத்தில் அரசுக்குத் தனி வாய் கிடையாது. அரசியல் சட்டத்தின் 300ஆவது பிரிவு, இந்திய ஒன்றியம் என்ற பெயராலும் மாநிலத்தின் பெயராலும் வழக்குத் தொடுக்கலாம், அவற்றின்மீதும் தொடுக்கலாம் என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. பெயர் மட்டும் அரசு. பேசுகிறவரோ மாவட்டத்தில் அரசு வழக்கறிஞர். உயர் நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரலும் அவர் கீழ் உள்ளவர்களும். தில்லியில் அட்டர்னி ஜெனரல். அமெரிக்காவிலோ, அரசின் உரிமையியல் வழக்குகளை நடத்த நீதித்துறையில் தனிப் பிரிவும், அதனுள் அயல்நாட்டு வழக்குகளுக்கென்றே ஓர் அலுவலகமும் உண்டு. நம் முறையில் ஒவ்வொரு துறையும் தன் கோப்பைச் சுமந்துகொண்டு அரசு வழக்கறிஞரிடம் வருகிறது.

அந்தக் கோப்பின் பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். நம் நிலத்தின் விதி அதில்தான் இருக்கிறது. ஒருவர் மாநில அரசின்மீது, மாவட்ட ஆட்சியர் வழியாக, வழக்குத் தொடுக்கிறார் என்று வையுங்கள். அழைப்பாணை அரசு வழக்கறிஞருக்கு வருகிறது. சட்டப்படி அதைப் பெற்றுக்கொள்ளும் முகவர் அவரே. அவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுகிறார். அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம். வட்டாட்சியர் வருவாய் ஆய்வாளரைக் கேட்கிறார். அவர் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கிறார். கிராம நிர்வாக அலுவலர் கணக்குகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். அது மேலே ஏறி, வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாகப் பத்திவாரிக் குறிப்பு ஆகி அரசு வழக்கறிஞரை அடைகிறது. அவர் எதிருரை தயாரிக்கிறார். அது மறுபடி கையொப்பத்துக்காக அலுவலகம் சென்று திரும்புகிறது. இதற்குள் எத்தனை வாய்தா கடந்திருக்கும், எத்தனை அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி நெகிழ்ந்தால் போதும். கிராமக் கணக்கில் 'டி.சி. நிலம்' என்றிருந்ததைக் குறிப்பு எழுதியவர் விட்டுவிட்டால், எதிருரையில் அது இராது. எதிருரையில் இல்லாததைச் சாட்சிக் கூண்டில் சொல்ல முடியாது. கூண்டில் சொல்லாததை நீதிபதி கருத முடியாது. எதிருரையே தாக்கலாகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. பிறகு விழித்துக்கொண்டு மேன்முறையீடு செய்தால் காலதாமதம். 'கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது' என்ற காரணத்தை அரசு இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று 2012இல் அஞ்சல் துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிந்துரைத்தது. அந்தக் கண்டிப்பு நியாயமானதே. ஆனால் ஒன்று: அஞ்சல் துறையின் தாமதத்தால் அஞ்சல் துறைக்கு இழப்பு. வருவாய்த் துறையின் தாமதத்தால் இழப்பு யாருக்கு? கோப்பை நகர்த்தாத எழுத்தருக்கு அன்று. ஏரியோரம் அரை ஏக்கரை நம்பியிருக்கும் நம் குடும்பத்துக்கு.

அரசு பிறருக்காக வழக்காடும்போது, அந்தப் பிறருடைய குரல் என்னவாகிறது? இதற்கு வேதனை மிகுந்த ஓர் எடுத்துக்காட்டு போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் வழக்கு நடத்தும் தனியுரிமையை இந்திய அரசுக்கு வழங்கியது. தாயற்ற பிள்ளைக்கு அரசே தாய் என்னும் கோட்பாடு அது. அரசு நியூயார்க் சென்றது. 'எங்கள் நாட்டு நீதிமன்றங்கள் இத்தகைய பெரு வழக்கைத் தாங்கா. அமெரிக்காவிலேயே விசாரியுங்கள்' என்று இந்திய அரசே வாதிட்டது. 'இந்திய நீதிமன்றங்கள் தகுதி வாய்ந்தவையே' என்று யூனியன் கார்பைடு வாதிட்டது. அதற்கு ஆதரவாக நம் நாட்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் நானி பல்கிவாலா அவர்களின் கருத்துரையையும் தாக்கல் செய்தது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள்! 1986 மே 12 அன்று நீதிபதி ஜான் கீனன் வழக்கை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்.

அதன்பின் போபால் மாவட்ட நீதிமன்றத்தில் 300 கோடி டாலருக்கும் மேல் கேட்டு அரசு வழக்குத் தொடுத்தது. 1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே அந்தச் சமரசம் நடந்தது. தனியுரிமை வழங்கிய சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கூறிற்று. தொகை போதாது என்று 2010இல் அரசே மீண்டும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2023 மார்ச்சு 14 அன்று அம்மனு தள்ளுபடியானது.

பத்தூரையும் போபாலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்களுக்குத் தோன்றுவது இது. அரசிடம் அறிவு இல்லாமலும் இல்லை. பணம் இல்லாமலும் இல்லை. பத்தூரில் கோயில் தானே ஒரு தரப்பாக அரசுக்குப் பக்கத்தில் நின்றது. தீர்ப்பும் கோயிலின் பெயருக்கே கிடைத்தது. போபாலில் மக்களை ஒதுக்கிவிட்டு அரசு மட்டும் நின்றது. சிவலிங்கத்துக்குக் கிடைத்த இடம் சேரிக் குடிசைக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

திண்டிவனத்துக்கு வடக்கே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையே அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று கண்டார். அதன் விளைவாக 30.9.1892 நாளிட்ட வருவாய்த் துறை அரசாணை 1010, 1010-அ பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் பிறப்பு இதுவே. முதல் பத்தாண்டுகளுக்கு விற்பனை, அடமானம், தானம், குத்தகை எதுவும் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். அன்றைய சென்னை மாகாணம் முழுவதிலும் இவ்வாறு வழங்கப்பட்டது 12 இலட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நம் தென்னார்க்காட்டிலும் அந்நிலங்கள் உண்டு.

அந்த நிலங்கள் எப்படிக் கை நழுவின என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள். பஞ்ச காலத்தில் கொடுத்த நெல்லுக்கும் கலியாணத்துக்கு வாங்கிய கடனுக்கும் கைநாட்டு. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் பழைய குறிப்பு மறைந்து, அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தின்போது செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். அவர்களை இம்மேடையிலிருந்து வணங்குகிறோம்.

தெருவில் நடந்த போராட்டம் வரலாற்றில் ஏறியிருக்கிறது. நீதிமன்றத்தில் நடந்தது ஏறவில்லை. நிபந்தனையை மீறி வாங்கியவர் இரண்டு வழிகளில் வருவார். ஒன்று, விற்றவர் மீதோ அவர் வாரிசு மீதோ மட்டும் வழக்குத் தொடுத்து, அரசைச் சேர்க்காமலே, உரிமை விளம்புகையும் நிரந்தர உறுத்துக் கட்டளையும் கேட்பார். ஏழை வாரிசு வரமாட்டார். வந்தாலும் சமரசத்தில் கையொப்பம் வாங்கிவிடுவார்கள். மற்றொன்று, அரசையும் பிரதிவாதியாகச் சேர்ப்பார். முன்னர்ச் சொன்ன கோப்பு நகர்வதற்குள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பெற்றுவிடுவார். பிறகு அந்தத் தீர்ப்பாணையைக் காட்டிப் பட்டா மாற்றம், பட்டாவைக் காட்டி வங்கிக் கடன், மனைப் பிரிவு, வண்ணக் கொடி, விளம்பரப் பலகை. நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது அந்தப் பலகைகளை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்.

அண்டை மாநிலமான கர்நாடகம் 1978இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வழங்கிய நிலத்தை நிபந்தனை மீறி வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. அதிகாரியே மீட்டுத் தரலாம். அச்சட்டம் செல்லும் என்று 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கும் தாமதம் வந்து குறுக்கே விழுந்தது. பல்லாண்டு கழித்து வந்த ஒரு மனுவைக் காலங்கடந்தது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதைச் சரிசெய்யக் கர்நாடகம் 2023இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நம் மாநிலத்திலோ அரசாணையையும், வருவாய் வாரிய நிலையாணை 15ஐயும், பட்டாவில் எழுதிய நிபந்தனைகளையும் வைத்தே வழக்காட வேண்டியிருக்கிறது. ஆகவே ஆவணம் என்பது நமக்கு இரட்டிப்பு முக்கியம்.

அரசு பின்வாங்கிய இடத்தில் தாமே முன்னின்ற ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். மகாட் குளத்தைப் பற்றிப் பேசும்போது அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகியதை மட்டுமே நம் கூட்டங்களில் சொல்கிறோம். அதற்குப் பின் நடந்த உரிமையியல் வழக்கைச் சொல்வதில்லை. அந்தக் குளத்தை அனைவருக்கும் திறப்பதாக 1924இல் தீர்மானித்த மகாட் நகராட்சி, 1927இல் அத்தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று சாதி இந்துக்கள் சிலர், அக்குளம் தங்களுக்கே உரியது என்று அண்ணல் மீதும் தோழர்கள் மீதும் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றார்கள். பத்தாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் அண்ணல் என்ன செய்தார்? இரண்டாம் முறை குளத்துக்குச் செல்வதைத் தள்ளிவைத்து, வழக்கை நடத்தினார். 'நினைவுக்கெட்டாத காலம் தொட்டு எங்களுக்கே உரிய வழக்கம்' என்று வாதிகள் சொன்னதை மெய்ப்பிக்குமாறு கேட்டார். அவர்களால் மெய்ப்பிக்க இயலவில்லை. கீழ் நீதிமன்றம், மேன்முறையீடு, பம்பாய் உயர் நீதிமன்றம் என்று நடந்து 1937 மார்ச்சு 17 அன்று வெற்றி கிடைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள்! அந்தப் பொறுமையும் போராட்டமே என்று இளைஞர்களுக்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். முழக்கத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். வாய்தாவுக்கு இருவர் வர மாட்டேன் என்கிறார்கள்.

எனவே செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

உங்கள் ஊர் நிலத்தைப் பற்றி அரசுக்கும் தனியாருக்கும், அல்லது தனியார் இருவருக்கும் இடையே வழக்கு நடப்பதாகக் காதில் விழுந்தால், அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று திரும்பிவிடாதீர்கள். நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 10இன்படி, தொடர்புடையவர் தம்மையும் தரப்பாகச் சேர்க்குமாறு மனுச் செய்யலாம். பத்தூரில் கோயில் அரசுக்குப் பக்கத்தில் நின்றதைப் போல, நீங்களும் அரசுக்குப் பக்கத்தில் நிற்கலாம். அப்போது கிராமக் கணக்கு குறிப்பில் விடுபட்டாலும் உங்கள் எதிருரையில் இருக்கும். அரசு வழக்கறிஞரைப் பகைவராக எண்ண வேண்டாம். அவரிடம் நூற்றுக்கணக்கான கட்டுகள் உள்ளன. சரியான சர்வே எண்ணும் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலும் கொண்டு சென்றால் நன்றியோடு வாங்கிக்கொள்ளும் அரசு வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளாதவர் என்றால் அதையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகிவிட்டது என்று தெரிந்தால் நாள்களை எண்ணத் தொடங்குங்கள். அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படவில்லை என்றால், தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். அதே நேரம், அரசு தன் நிலத்துக்காக வழக்குத் தொடுக்க வரம்புச் சட்டம் 30 ஆண்டுகள் தருகிறது. நமக்கு நாள், அரசுக்கு ஆண்டு. இந்த நீண்ட கெடு அரசுக்கு மட்டும் கிடைத்த சலுகை. அதைப் பயன்படுத்துமாறு அரசை வற்புறுத்துவது நம் கையில் இருக்கிறது.

நாமே அரசின்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தால், 80ஆவது பிரிவின்படி முன்னறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில அரசென்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அனுப்பலாம். உங்கள் பெயர், விவரம், முகவரி, வழக்கின் காரணம், கேட்கும் பரிகாரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நாளையே புல்டோசர் வருகிறது என்பது போன்ற அவசரம் இருந்தால், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று முன்னறிவிப்பின்றியே தொடுக்கலாம். இத்தகைய முன்னறிவிப்புகளுக்கு அரசு பெரும்பாலும் பதிலே தருவதில்லை என்பதை 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, பதில் தரப் பொறுப்பு அதிகாரியை நியமிக்குமாறு அரசுகளுக்குக் கூறியது. ஆகவே பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம்; அஞ்சல் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் சாதிச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் போதும். இதைத் தெரியாமலே வட்டிக்கு வாங்கி வக்காலத்துப் போட்ட குடும்பங்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம்.

விழுப்புரத்தில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. முன்பு சட்டம் படிக்கச் சென்னைக்கோ செங்கற்பட்டுக்கோ போக வேண்டியிருந்தது. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமும் பொறியியலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பிள்ளையாவது சட்டம் படிக்கட்டும். அதிலும் உரிமையியல் படிக்கட்டும். குற்ற வழக்கில் பெயர் சீக்கிரம் வரும். முன்சீப் கோர்ட்டில் பதினைந்து ஆண்டு உட்கார்ந்து கிராமக் கணக்கு படிக்கக் கற்றவரிடமே நிலம் வரும். அவர்களுள் சிலர் நாளை அரசு வழக்கறிஞர் ஆசனத்திலும், நீதிபதி ஆசனத்திலும் அமர வேண்டும். பத்திவாரிக் குறிப்பில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து விடுபட்டால் அவர்கள் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

கழக நூலகத்தில் 1892ஆம் ஆண்டு அரசாணையின் நகலும், 80ஆவது பிரிவு முன்னறிவிப்பின் மாதிரிப் படிவமும், தரப்பாகச் சேர்க்கக் கோரும் மனுவின் மாதிரியும் தமிழில் வைக்கப்பட்டுள்ளன. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் படிக்கக் கற்றுத் தரும் வகுப்பு தொடங்குகிறது. தகரப் பெட்டியின் அடியில் பாட்டன் வைத்துப் போன காகிதம் எதுவாயினும், கறையான் அரித்ததாயினும், எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உடனே கையில் கொடுத்துவிடுவோம். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்; எங்களிடம்கூட.